ரெக்யூஎல்-4: எலும்புப் புற்றுக்கு இடந்தரும் மரபணுப் பழுது

ரெக்யூஎல்-4 என்பது மனிதரின் 8ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. அது உருவாக்கும் நொதிக்கும் அதே பெயர். டி.என்.ஏ.வின் முறுக்கிய இரு இழைகளைப் பிரித்து, படியெடுக்கவும் பழுதுபார்க்கவும் வழி செய்வது இந்நொதி. இம்மரபணுவின் பழுதான படியைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைக்கு ரோத்மண்ட்-தாம்சன் நோய் உண்டாகலாம். இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்று வருகிறது. பொதுமக்களிடையே இப்புற்று ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று, நான்கு பேருக்கே வரும் அரிய நோய்.

நொதியின் வேலை

உயிரணு இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்க இழைகள் பிரிய வேண்டும். அறுந்த இடத்தை இணைக்கவும் பல நேரம் அவற்றைப் பிரிக்க வேண்டியிருக்கும். கயிற்றைப் புரிபுரியாகப் பிரிப்பதுபோல் இதைச் செய்யும் நொதிகளை ஹெலிகேஸ் என்பர். ரெக்யூ அவற்றுள் ஒரு குடும்பம். அதன் முதல் நொதிக்குரிய மரபணுவை 1984இல் ஜப்பானின் ஹிரோஅகி நகயாமா குழுவினர் ஈ.கோலை பாக்டீரியாவில் கண்டனர். பாக்டீரியாவில் ஒன்றாக இருப்பது மனிதரிடம் ஐந்தாக உள்ளது.

இந்த ஐந்தில் ரெக்யூஎல்-4 சற்றுத் தனித்தது. இதன் முன்பகுதி, ஈஸ்ட்டில் டி.என்.ஏ. படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் ஒரு புரதத்தை ஒத்திருக்கிறது. அந்தப் பகுதி சிதைந்த எலிக்கருக்கள் பிழைக்கவில்லை. நோயுள்ள குழந்தைகள் பலரிடம் முன்பகுதி தப்பி, இழை பிரிக்கும் நடுப்பகுதிதான் கெட்டிருக்கிறது. உயிர் தரிப்பதற்குப் போதுமான நொதி இருக்கிறது. பிழையின்றி வாழப் போதுமான நொதி இல்லை.

ஒரு பெயரில் இரு நோய்கள்

1868இல் மியூனிக் கண் மருத்துவர் ஆகஸ்ட் ரோத்மண்ட், ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர் ஒன்றின் குடும்பங்களில் ஒரு விசித்திரத்தைக் கண்டு எழுதினார். குழந்தைகளின் கன்னம் சிவந்து, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தது. இளவயதிலேயே கண்புரையும் வந்தது. 1936இல் இங்கிலாந்துத் தோல் மருத்துவர் சிட்னி தாம்சன் அதே போன்ற தோலைக் கண்டார். ஆனால் அவர் பார்த்தவர்களுக்குக் கண்புரை இல்லை; எலும்புக் குறைபாடு இருந்தது. 1957இல் வில்லியம் டெய்லர் இரண்டையும் ஒரே பெயரில் இணைத்தார்.

1999இல் ரெக்யூஎல்-4இன் பழுது காரணம் என்று தெரிந்தது. ஆயினும் நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினரிடமே அது இருந்தது. மீதமுள்ளோர் பலரின் காரணம் 2019இல்தான் பிடிபட்டது: ஏ.என்.ஏ.பி.சி-1 என்னும் வேறொரு மரபணு. கண்புரை வருவது ஏ.என்.ஏ.பி.சி-1 பழுதான முதல் வகையில். எலும்புப் புற்று வருவது ரெக்யூஎல்-4 பழுதான இரண்டாம் வகையில். ரோத்மண்டும் தாம்சனும் கண்டவை ஒன்றல்ல என்று தெளிய 80 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எந்த வகை என்று அறியாமல் குழந்தைக்கு எதை அஞ்சுவது, எதைத் தேடுவது என்று மருத்துவரால் சொல்ல இயலாது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த லிசா வாங் குழுவினர் 2001இல் 41 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டனர். அவர்களில் 13 பேருக்கு ஆஸ்டியோசார்கோமா. 2003இல் அதே குழுவினர், நொதி பாதியிலேயே அறுபடும்படியான பழுதுகள் உள்ளவர்களிடமே இப்புற்று வருவதைக் காட்டினர். மரபணுச் சோதனையின் பயன் உறுதியானது இதன் பிறகே.

எலும்பு ஏன்?

ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் முழங்காலை ஒட்டி, தொடை எலும்பின் கீழ்முனையிலோ கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலோ தோன்றும். விடலைப் பருவத்தில் மிக வேகமாக நீளும் இடங்கள் இவை. எலும்பாக்கும் உயிரணுக்கள் ஓயாது பிரியும்போது, இழை பிரிக்கும் நொதி தடுமாறினால் குரோமோசோம்கள் உடைந்து தாறுமாறாக ஒட்டிக்கொள்ள வாய்ப்பு கூடுகிறது. ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. எலிகளின் எலும்பாக்கும் உயிரணுக்களில் இம்மரபணுவை அறவே நீக்கியபோது எலும்பு குன்றியது, புற்று வரவில்லை. அறவே இல்லாத நொதியைவிட அரைகுறை நொதியே ஆபத்தானது என்று எண்ண இது இடந்தருகிறது.

வெர்னர் நோயிலும் எலும்புப் புற்று உண்டு. அது ரெக்யூ குடும்பத்தின் டபிள்யூ.ஆர்.என். பழுதால் வருவது, இளமையிலேயே நரை, மூப்பு தரும். அங்கே புற்று நடுவயதில், பாதம், கணுக்கால் போன்ற இடங்களில் வருகிறது. மரபுவழி எலும்புப் புற்றில் அடிக்கடி பேசப்படும் டி.பி.53, ஆர்.பி.1 ஆகியவை பழுதுபார்க்கும் நொதிகளுக்கு உரியவை அல்ல. பழுதுள்ள உயிரணு பிரிவதைத் தடுத்து நிறுத்தும் காவல் புரதங்களுக்கு உரியவை.

கண்டறிதலும் கண்காணிப்பும்

தோல் மாற்றம் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதக் குழந்தையின் கன்னத்தில் தொடங்கும். பிறகு புருவமும் இமைமுடியும் அருகுதல், உயரக் குறைவு, சிறுத்த அல்லது இல்லாத கட்டைவிரல் ஆகியவற்றைச் சிலரிடம் காணலாம். பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பது இந்த வாய்ப்புக்கு வழி திறக்கும் என்பதால், மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டும் வழக்கமுள்ள நம் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

ஐந்து வயதுக்குள் ஒருமுறை எலும்புகளை எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் வரும் மாற்றத்தை அதனுடன் ஒப்பிடலாம். புற்று வந்தாலும் அறுவை, மருந்துச் சிகிச்சைகளுக்கு இக்குழந்தைகள் மற்றவர்களைப்போலவே பலன் காண்கின்றனர். காலத்தே கண்டுபிடிப்பதுதான் முக்கியம். கன்னத்தில் அந்தத் தோல் மாற்றத்தோடு வளர்ந்த பிள்ளை முழங்கால் வலி என்றாலோ நொண்டி நடந்தாலோ, வளரும் வயதின் வலி என்று விட்டுவிடாதீர்கள்; அன்றே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.