உறங்கும் கணினிகளின் உழைப்பு

வேற்றுலகத்தாரின் வானொலிச் சமிக்ஞைகளைத் தேடுவதற்கு நாசா செலவிட்டுவந்த நிதியை அமெரிக்கக் காங்கிரஸ் 1993இல் நிறுத்தியது. செனட்டர் ரிச்சர்ட் பிரையன் கொண்டுவந்த திருத்தமே அதற்கு வழிவகுத்தது. தேடியோருக்குச் சுப்பர் கணினி எட்டாக்கனி. ஆனால் உலகெங்கும் வீட்டுக் கணினிகள் வேலையின்றித் திரையில் படங்காட்டிக் கொண்டிருந்தனவே!

அந்த ஓய்வு நேரத்தை இரவல் கேட்கும் திட்டமாக, பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1999 மே 17இல் 'செட்டி அட் ஹோம்' தொடங்கியது. புவேர்ட்டோ ரிக்கோவின் அரசிபோவில் இருந்த 305 மீற்றர் தொலைநோக்கியின் பதிவுகள் காந்த நாடாக்களில் பேர்க்லிக்கு வந்தன. இணையத்தில் அல்ல, அஞ்சலில்! அங்கே அவை 107 செக்கன் அளவான துண்டுகளாக்கப்பட்டு வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. உரிமையாளர் தேநீர் அருந்த எழுந்தால் கணினி கணக்கைத் தொடங்கும். விடையைத் தானே திருப்பி அனுப்பும்.

இணைந்தோர் 50 இலட்சத்துக்கும் அதிகம். புள்ளிப் பட்டியலில் முந்துவதற்காகப் பொய் விடை அனுப்பியோரும் உண்டு, மனிதர்கள்தானே. எனவே ஒரே துண்டைப் பலருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிட நேர்ந்தது.

2020 மார்ச் 31இல் துண்டுகள் அனுப்புவது நின்றது. அவ்வாண்டு டிசெம்பர் 1இல் அரசிபோ தொலைநோக்கியும் இடிந்து வீழ்ந்தது. வேற்றுலகச் சமிக்ஞை எதுவும் உறுதியாகவில்லை. ஆனால் பேர்க்லிக் குழுவினர் உருவாக்கிய 'பொயின்க்' மென்பொருளில் இயங்கிய 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டம், அதே அரசிபோவின் பதிவுகளிலிருந்து அதுவரை எவரும் அறியாத துடிவிண்மீன் ஒன்றை 2010இல் கண்டுபிடித்தது. கண்டவை தன்னார்வலர்களின் கணினிகளே.