மூடாக்கு: தேர்வும் அளவுக் கணக்கும்

மூடாக்கு என்பது செடி, மரங்களைச் சுற்றியுள்ள வெற்று மண்ணின் மேல் பரப்பப்படும் போர்வை. வைக்கோல், சருகு, தென்னை உரிமட்டை, கரும்புத் தோகை, நார்க்கழிவு, உமி, கூழாங்கல், நெகிழித் தாள் எனப் பலவும் இதற்குப் பயன்படுகின்றன. நிலப்போர்வை என்ற பெயரும் வழக்கில் உண்டு. தொழுவுரமும் மட்கு உரமும் மண்ணோடு கலக்கப்படுபவை. மூடாக்கு மண்ணுக்கு மேலேயே கிடக்க வேண்டியது. வைக்கோலை உழுது உள்ளே தள்ளினால் அது மூடாக்கின் வேலையைச் செய்யாது. மட்கும் காலத்தில் பயிரின் தழைச்சத்துக்கும் போட்டியாகிவிடும்.

வெயில் நேரடியாக விழாததால் மண்ணின் ஈரம் ஆவியாவது குறைகிறது. வேர்ப்பகுதியின் சூடு தணிகிறது. வெளிச்சம் கிடைக்காமல் பல களை விதைகள் முளைப்பதில்லை. மழைத்துளி மண்ணை அறைந்து மேல்பரப்பை இறுகச் செய்வதும், வளமான மேல்மண் அடித்துச் செல்லப்படுவதும் தடுக்கப்படுகின்றன. தாவரப் பொருளாக இருந்தால் அடிப்பகுதி மெல்ல மட்கி மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் உணவாகிறது. ஆண்டில் பல மாதங்கள் வெயிலில் காயும் தமிழக நிலத்துக்கு இவற்றில் பெரிய பயன் ஈரக் காப்புதான். பாய்ச்சும் நீரைக் கணக்குப் பார்ப்பவர்கள் பாய்ச்சியபின் வெற்று மண்ணிலிருந்து ஆவியாகும் நீரைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தென்னை தரும் மூடாக்கு

தமிழகத்திலும் இலங்கையிலும் எளிதில் கிடைக்கும் சிறந்த மூடாக்கு தென்னையிலிருந்தே வருகிறது. கோடையில் ஈரம் காக்க, மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் 100 உரிமட்டைகளையோ, காய்ந்த ஓலைகள் 15-ஐயோ, 10 செ.மீ. உயரத்துக்கு நார்க்கழிவையோ பரப்பும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மட்டையின் முதுகு மேல்நோக்கியும் நார்ப்பக்கம் மண்ணைத் தொட்டும் இருக்க வேண்டும். அப்போதுதான் நார் ஈரத்தைப் பிடித்து வைக்கும். குழிவில் நீர் தேங்கிக் கொசு வளராது.

தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலை வீதம் உதிர்க்கிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு ஓலைகள் கிடைத்தால் பரிந்துரைத்த பதினைந்தை அது நெருங்கிவிடுகிறது. ஆக, ஒரு மரத்துக்கு வேண்டிய மூடாக்கின் பெரும்பகுதியை அந்த மரமே கொடுக்கிறது. அதை வரப்பில் குவித்துக் கொளுத்திவிட்டு, ஈரம் நிற்கவில்லை என்று கூடுதல் நீர் பாய்ச்சுவது இரட்டை நட்டம். உரிமட்டையில் சாம்பல்சத்து மிகுதி. மட்கும்போது அதுவும் மண்ணுக்குத் திரும்புகிறது.

நார்க்கழிவை நகர்ப்புறத் தோட்டக்காரர்கள் 'கோகோபீட்' என்ற பெயரில் அழுத்திய கட்டிகளாக வாங்குகிறார்கள். கயிறு, நார்த் தொழில் மிகுந்த பொள்ளாச்சி வட்டாரத்தில் இது மலைபோல் குவிகிறது. பச்சை நார்க்கழிவில் கரிமம், தழைச்சத்தைப் போல் நூறு மடங்குக்கு மேல் இருக்கும், உப்பும் இருக்கலாம். எனவே இரண்டு மூன்று முறை நீரில் அலசியோ, மட்கச் செய்தோ பயன்படுத்துவதே நல்லது. இதற்கு இன்னொரு குணமும் உண்டு. மென்மையான நார்க்கழிவைத் தடிமனாகப் போட்டால் சிறுதூறலை அதுவே குடித்துவிடும். கீழே மண் காய்ந்தபடியே இருக்கும். தூறல் மழையை நம்பும் இடத்தில் ஓலையும் மட்டையுமே மேல்.

பிற தாவரப் பொருள்கள்

கரும்பு வயலில் நட்ட ஒரு வாரத்துக்குள் பார்களின் மேல் 10 செ.மீ. கனத்துக்குத் தோகை பரப்புவது பரிந்துரைக்கப்பட்ட முறை. ஈரம் காப்பதோடு இளங்குருத்துப் புழுவின் தாக்குதலையும் அது குறைக்கிறது. கரையான் காணப்படும் நிலத்தில் மட்டும் தோகையைத் தவிர்க்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கும் தோகை மிகச் சிறந்தது. சோகை என்று சொல்லிக் கொளுத்தப்படும் இப்பொருளை ஆலைப் பகுதிகளில் கேட்டு வாங்கலாம்.

வைக்கோல் காய்கறிப் பாத்திக்கு ஏற்றது. ஆனால் ஒரு பருவத்திலேயே படிந்து மட்கிவிடும். மாட்டுத் தீவனமும் அதுதான் என்பதால் விலையும் நிலையாக இராது. உமி மெதுவாக மட்கும், காற்றில் பறக்கும். போட்டவுடன் நீர் தெளித்து அமர்த்த வேண்டும். நிலக்கடலைத் தோல் பார்வைக்கு அழகு, தொட்டிகளுக்குப் பொருந்தும். மா, வேம்பு, புங்கன் சருகுகள் செலவில்லாதவை. முழு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீரைத் தடுக்காமலிருக்கக் கொஞ்சம் நொறுக்கிப் போடலாம். கிளைரிசிடியாத் தழை வேகமாக மட்கித் தழைச்சத்தைத் தரும். ஈரம் காக்க நெடுநாள் நிற்காது. பூத்த பிறகு அறுத்த பார்த்தீனியக் களையையும், காயோடு இருக்கும் சீமைக்கருவேலக் கிளைகளையும் போடுவது விதையைத் தூவுவதற்குச் சமம். மரத்தூளை மெல்லிய அடுக்காகப் பயன்படுத்தலாம். பசை கலந்த பிளைவுட் தூள் வேண்டாம்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மானா புல்லும் குவாத்தமாலா புல்லும் மூடாக்குக்காகவும் வளர்க்கப்படுகின்றன. சரிவு நிலத்தில் மண் அரிப்பைத் தடுப்பதே அங்கு முதல் தேவை.

மூடாக்கை உழவின் அடிப்படையாகவே வைத்தவர்களும் உண்டு. ஜப்பானின் மசனோபு ஃபுகுவோகா அறுவடை செய்த வைக்கோல் முழுவதையும் நறுக்காமல் அதே வயலில் பரப்பினார். அவரது 'ஒற்றை வைக்கோல் புரட்சி' 1975-இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்தது. சுபாஷ் பாலேக்கரின் இயற்கை உழவு முறையில் ஆச்சாதனம் என்ற பெயரில் மூடாக்கு நான்கு தூண்களில் ஒன்று. தமிழ்நாட்டில் கோ. நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராகச் சென்று, சருகைக் கொளுத்தாதீர்கள் என்று உழவர்களிடம் வலியுறுத்தினார்.

கல்லும் தாளும்

கல் மூடாக்குக்கு உலகப் புகழ் பெற்ற இடம் ஸ்பெயினின் லான்சரோட்டே தீவு. 1730 முதல் 1736 வரை நடந்த எரிமலை வெடிப்புகளில் அங்கு விளைநிலம் கருஞ்சாம்பலில் மூழ்கியது. சாம்பலைத் தோண்டிப் பழைய மண்ணில் திராட்சைக் கொடியை நட்ட உழவர்கள், துளைகள் நிறைந்த அந்தச் சாம்பற்கல்லே ஈரத்தைக் காப்பதைக் கண்டுகொண்டார்கள். மிகச் சொற்ப மழையிலும் அங்கு இன்றுவரை திராட்சை விளைகிறது. நம் ஊரின் கருங்கல் ஜல்லி அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது வெயிலில் கொதித்து இரவிலும் சூட்டை உமிழும். மண்ணுக்கு உணவும் தராது. கள்ளிச் செடிகள், நடைபாதையோரம், மாடிநீர் விழும் இடம் ஆகியவற்றோடு அதை நிறுத்திக்கொள்ளலாம். ஒருமுறை மண்ணில் கலந்த ஜல்லியைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

நெகிழித் தாள் வணிகக் காய்கறிச் சாகுபடிக்கானது. கடைகளில் 'மல்ச்சிங் ஷீட்' எனப்படும் இது ஒரு பக்கம் வெள்ளி நிறமும் மறுபக்கம் கறுப்புமாக வரும். வெள்ளிப் பக்கம் மேலே இருந்தால் எதிரொளிக்கும் வெளிச்சம் அசுவினி, இலைப்பேன் போன்றவற்றை விரட்டும். கறுப்புப் பக்கம் களையை அடக்கும். மூன்று நான்கு மாதப் பயிருக்கு 25 மைக்ரான், ஓராண்டுப் பயிருக்கு 50, பல்லாண்டு மரங்களுக்கு 100 மைக்ரான் கனம் பொதுவான அளவு. மெல்லிய தாள் அறுவடைக்குப் பின் கிழிந்து மண்ணிலேயே துண்டு துண்டாகத் தங்கிவிடுவதால் வீட்டுத் தோட்டத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது.

எவ்வளவு வாங்குவது

மூடாக்கை எடையால் கணக்கிடுவது தவறான வழி. நனைந்த நார்க்கழிவும் காய்ந்த நார்க்கழிவும் ஒரே இடத்தை நிரப்பினாலும் எடை பல மடங்கு வேறுபடும். கன அளவே சரியான அளவுகோல்: பரப்பைத் தடிமனால் பெருக்க வேண்டும்.

தடிமன் பொருளைப் பொறுத்தது. தென்னை வட்டப்பாத்தி நீங்கலாக, உமி, நார்க்கழிவு, மரத்தூள் போன்ற மென்பொருள்களுக்கு 2 அங்குலம் போதும். சருகு, தோகை, மரச்சில்லு போன்றவற்றுக்கு 3 முதல் 4 அங்குலம். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த சருகு களையைத் தடுக்காது. வைக்கோல் சில வாரங்களில் பாதியாகப் படியும் என்பதால் 6 அங்குலம் போட்டால்தான் 3 நிற்கும்.

தமிழகத்தில் மணல், ஜல்லி விற்பனையில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. இந்த அளவைக் கொண்டே மூடாக்கையும் எளிதாகக் கணக்கிடலாம். ஒரு யூனிட் பொருள் ஓர் அங்குலத் தடிமனில் 1,200 சதுர அடியை மூடும். 1,200-ஐத் தேவையான அங்குலத்தால் வகுத்தால் ஒரு யூனிட் மூடும் பரப்பு வந்துவிடும்: 2 அங்குலத்துக்கு 600 சதுர அடி, 3 அங்குலத்துக்கு 400, 4 அங்குலத்துக்கு 300. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆகவே ஒரு சென்ட் தோட்டத்துக்கு 3 அங்குலம் போட ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் தேவை. மெட்ரிக் முறையில், ஒரு சதுர மீட்டருக்கு 1 செ.மீ. தடிமன் போட 10 லிட்டர்.

வட்டப்பாத்திக்கு ஆரத்தை ஆரத்தால் பெருக்கி 3.14-ஆல் பெருக்க வேண்டும். மூன்றடி ஆரமுள்ள மாங்கன்றுப் பாத்தியின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர அடி. 3 அங்குலத்துக்கு 7 கன அடி. ஒரு யூனிட்டில் 14 கன்றுகளை மூடலாம். முன்சொன்ன தென்னை வட்டப்பாத்தியில் நார்க்கழிவு போட்டால் மரத்துக்கு ஒரு கன மீட்டர், அதாவது 35 கன அடிக்குக் குறையாமல் வேண்டும். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரங்கள் என்றால் அது 25 யூனிட்டைத் தாண்டுகிறது. ஏற்றுகூலியும் வண்டி வாடகையும் சேர்த்துப் பார்த்தால் தோப்பின் சொந்த ஓலையும் மட்டையும் எவ்வளவு மலிவு என்பது விளங்கும்.

மாடித் தோட்டத்தில் கணக்கு சிறியது. 12 அங்குல விட்டமுள்ள பைக்கு 2 அங்குலம் போட 3.7 லிட்டர். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி நீரில் ஊறினால் 60 முதல் 75 லிட்டர் வரை விரியும். பதினாறு முதல் இருபது பைகளுக்குக் காணும். பையை நிரப்பும்போதே மேலே மூன்று அங்குலம் விட்டுவைக்க வேண்டும்.

போடும் முறை

களையை எடுத்து, மண்ணை நன்கு நனைத்து, சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அதைக் கிடத்திய பிறகே மூடாக்குப் போட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்கள் மிகப் பொருத்தமானவை. கனமழைக் காலத்தில் களிமண் நிலத்தில் தடித்த மூடாக்கு வேரை அழுகச் செய்யும். அப்போது ஒதுக்கிவிட வேண்டும்.

தண்டைத் தொட்டபடி மூடாக்கைக் குவிப்பதே அதிகம் காணப்படும் பிழை. அடித்தண்டில் ஈரம் தங்கிப் பட்டை அழுகும், எலி கடிக்கும், கரையான் ஏறும். செடிக்கு நான்கு விரற்கடை, மரத்துக்கு அரையடி இடைவெளி வேண்டும். வீட்டுச் சுவரையும் மரச் சட்டங்களையும் ஒட்டியும் போடக்கூடாது. தடித்த சருகுக்குள் பாம்பும் தேளும் ஒதுங்கக்கூடும் என்பதால் குழந்தைகள் விளையாடும் இடத்தில் மெல்லிய அடுக்கே போதும். கையை விடுமுன் குச்சியால் கிளறிப் பார்க்க வேண்டும்.

தாவர மூடாக்கு ஆண்டுதோறும் குறையும். மறு ஆண்டு முழு அளவையும் வாங்கத் தேவையில்லை. குச்சியைக் குத்தி அளந்து, 3 அங்குலத்தில் இரண்டு மிஞ்சியிருந்தால் ஓர் அங்குலத்துக்கு மட்டும் வாங்கினால் போதும்; ஒரு யூனிட் 1,200 சதுர அடிக்கு வரும்.