மரப்பட்டையில் எழுதிய வரலாறு: நெவாடா மலைக்காடுகளில் தொடக்கநிலைத் தொல்லியல் களப்பணி

கல்வெட்டைச் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதப் பழகிய ஆய்வுலகிற்கு, உயிருள்ள மரத்தில் அமைந்த எழுத்து புதியதொரு சிக்கலை முன்வைக்கிறது. கல் நிலைத்து நிற்கும். மரமோ வளரும், பின்னர் பட்டுப்போகும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பெரும்பகுதி பரந்துள்ள ஹம்போல்ட்-டோயாபி தேசியக் காட்டின் ஆஸ்பென் தோப்புகளில் பாஸ்க் இடையர் விட்டுச்சென்ற எழுத்துகள் இத்தகையவை.

ஸ்பெயின், பிரான்சு எல்லையிலுள்ள பிரெனீசு மலைப்பகுதியிலிருந்து குடிபெயர்ந்த பாஸ்க் மக்களுள் பலர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் செம்மறி மேய்த்தனர். கோடையில் மந்தையுடன் மலையேறி, மாதக்கணக்கில் தனித்திருந்த அவர்கள், வெளிறிய பட்டையில் கத்திமுனையால் தம் பெயரையும் ஆண்டையும் மெல்லிய கீறலாகப் பொறித்தனர். காயம் ஆறுகையில் கீறல் கருந்தழும்பாகத் தடித்து, சில ஆண்டுகள் கழிந்த பின்னரே தெளிவாகப் படிக்கத்தக்கதாகிறது. சொந்த நிலமற்ற இடையரின் நாடோடி மேய்ச்சல், 1934ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டத்திற்குப் பின் நலிந்தது. அவர்களுள் பலருக்கு இத்தழும்புகளன்றி வேறு எழுத்துச் சான்று அரிது.

1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, மரம் வெட்டுதல், சாலை அமைத்தல் முதலிய பணிகளுக்கு ஒப்புதல் அளிக்குமுன், அவற்றால் தொன்மைச் சின்னங்களுக்கு நேரும் விளைவைக் கருதுமாறு கூட்டரசு அமைப்புகளைப் பணிக்கிறது. ஆயினும், கண்டறியப்படாத சின்னத்தைச் சட்டம் கருத இயலாது. கண்டறியும் பொறுப்போ பெரும்பாலும் பணிநிரலின் கடைப்படியிலுள்ள பருவகாலக் களப்பணியாளரைச் சார்ந்தது. அவர்கள் சீரான இடைவெளியில் வரிசையாக நடந்து நிலத்தையும் மரங்களையும் உற்றுநோக்குகின்றனர். காண்பவற்றின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறித்து, அளந்து, ஒளிப்படம் எடுத்துப் படிவம் நிரப்புகின்றனர். அம்மொழியை அறியாதவரும் பிழையான எழுத்தைத் திருத்தாது, கண்டவாறே படியெடுத்தல் இன்றியமையாதது. அப்பிழையே எழுதியவரின் பேச்சொலியைக் காட்டக்கூடும்.

சட்டம் கோடரியைத் தடுக்கலாம், மூப்பைத் தடுக்காது. ஆஸ்பென் மரத்தின் தண்டு பொதுவாக ஏறத்தாழ 100 ஆண்டுகளே வாழ்வது. எனவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்டவை இன்று அழிவின் விளிம்பில் உள்ளன. பிற தொல்லிடங்களில் களக்குறிப்பு மூலச்சான்றுக்குத் துணையாகும். இங்கு மரம் சாய்ந்தபின் அக்குறிப்பே மூலச்சான்றாகிறது. ஆகவே, தொடக்கநிலைப் பணியாளருக்கு அளிக்கப்படும் பயிற்சியும் நேரமும் ஓர் இடையரின் பெயர் வரலாற்றில் எஞ்சுமா என்பதை முடிவு செய்கின்றன.