ஊர் சுத்தி வந்த ஒரு வொயர்

சுசுகின்னா நம்ம ஊர்ல பலருக்கு 1984ல ஓசூர்ல இருந்து வந்த ஆக்ஸ் 100 தான் ஞாபகம் வரும். டூ ஸ்ட்ரோக் வண்டி. ஜப்பான்லயும் அந்தக் கம்பெனி ரொம்ப வருஷம் டூ ஸ்ட்ரோக்கையே கட்டிக்கிட்டு அழுதது. 1976 கடைசியில தான் நாலு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கா ஜிஎஸ் 750 வந்தது. அதோட எஞ்சினை இன்னிக்கும் யாரும் திட்டுறதில்லை. திட்டு வாங்குறது எல்லாம் சார்ஜிங் சிஸ்டம் தான்.

ஜிஎஸ் வரிசையில பெர்மனென்ட் மேக்னட் ஆல்டர்னேட்டர். ஸ்டேட்டர்ல இருந்து மூணு வொயர் வரும் (காலேஜ்ல த்ரீ ஃபேஸ்னு உயிரை எடுத்தாங்களே, அதே தான்). அங்கிருந்து ரெக்டிஃபையர், ரெகுலேட்டர், பேட்டரி. நிரந்தர காந்தம்கிறதால கரண்டைக் குறைச்சுக்கோன்னு அதுகிட்ட சொல்ல முடியாது. மிச்சத்தை ரெகுலேட்டர் ஷார்ட் பண்ணித் தான் கழிக்கும்.

பகல்ல லைட் எரியாதப்ப அவ்வளவு கரண்ட் எதுக்குன்னு டிசைன் பண்ணவங்க யோசிச்சாங்க. மூணு வொயர்ல ஒண்ணை ஹேண்டில்பார் வரைக்கும் கொண்டு போய், ஹெட்லைட் சுவிட்ச் வழியா விட்டு, திரும்ப கீழே இறக்கினாங்க. லைட் போட்டா தான் மூணாவது ஃபேஸ் சேரும். நல்ல யோசனை தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனா கலிஃபோர்னியாவில, 1978ல இருந்து தயாராகுற பைக்குகள்ல எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரியணும்னு சட்டம் வந்துடுச்சு. அமெரிக்கா போன வண்டிகள்ல சுவிட்சைத் தூக்கினாங்க. வொயரைத் தூக்கலை! பல மாடல்கள்ல அது வேலையே இல்லாம மேலே போய் கீழே வந்துட்டு இருந்தது. ஃபீச்சரை எடுத்துட்டு அதோட கோடை அப்படியே விட்டு வைக்கிறதை ஆபீஸ்ல தினமும் பார்க்கிறவன் நான். சிரிப்பு தான் வந்தது :-)

வண்டிக்கு தான் அது சிரிப்பு இல்லை. வழியில இருக்கிற ஒவ்வொரு கனெக்டரும் ஒரு ரெசிஸ்டன்ஸ். 15 ஆம்பியர் ஓடுற இடத்துல 0.1 ஓம் சேர்ந்தா 22.5 வாட் சூடு. கிட்டத்தட்ட ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அந்த விரல் நக அளவு பிளாஸ்டிக்குள்ள உட்கார்ந்திருக்கு. சூட்டுல பித்தளை முனை கறுக்கும், கறுத்தா ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஏறினா இன்னும் சூடு. கடைசியில பிளாஸ்டிக் உருகி, பேட்டரி இறங்கி, இக்னிஷனுக்கும் கரண்ட் இல்லாம ராத்திரி நடு ரோட்டுல வண்டி நின்னுடும். பாவம், பல பேர் ஸ்டேட்டர் போச்சுன்னு நினைச்சு புதுசு வாங்கிப் போட்டு, அதையும் அதே கருகின கனெக்டர்லயே மாட்டினாங்க.

வைத்தியம் சுலபம். ஸ்டேட்டரோட மூணு வொயரையும் நேரா ரெக்டிஃபையருக்கே கொடுத்துடணும். கருகின முனையை, செம்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் வெட்டணும். கறுத்த செம்புல ஈயம் ஒட்டாது. நல்லா கிரிம்ப் பண்ணி, சால்டர் வெச்சு, சிலீவ் போடணும். ரெகுலேட்டர் எர்த்தை ஃப்ரேமை நம்பாம பேட்டரி நெகட்டிவ்ல சேர்க்கணும். அப்புறம் 5000 ஆர்பிஎம்ல பேட்டரியில மீட்டரை வெச்சா 14 வோல்ட்டை ஒட்டி காட்டணும்.

மேலே போய் வர்ற அந்தப் பழைய வொயரை உருவ வேண்டியதில்லை. ரெண்டு முனைக்கும் டேப் சுத்தி விட்டா சும்மா கிடக்கும்.