எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை

பிராக் நகரத்தில் இருந்த தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் 1909ஆம் ஆண்டு அறிக்கையில், மரம் இழைக்கும் மெஷினைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. மெஷின் ஒன்றும் பெரிய விஷயமில்லை, நம்ம ஊர் மரப் பட்டறைகளிலும் பார்க்கலாம். ஒரு இரும்பு மேஜை, நடுவில் ஒரு பிளவு, பிளவுக்கு அடியில் சுழலும் தண்டு, தண்டில் கத்திகள். பலகையை மேலே வைத்துத் தள்ளினால் அடிப்பக்கம் வழவழவென்று ஆகிவிடும்.

அந்தத் தண்டு அப்போது சதுரமாக இருந்தது. சதுரம் சுழலும்போது கத்தி விளிம்புக்கும் மேஜைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். பலகை கொஞ்சம் துள்ளினாலோ வழுக்கினாலோ, அதை அழுத்திக்கொண்டிருக்கும் கை நேராக உள்ளே போகும். போனால் ஒரு விரலோடு நிற்காது. எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் இதுதான் கதி. சதுரத் தண்டை எடுத்துவிட்டு உருளைத் தண்டைப் போடுங்கள் என்கிறது கட்டுரை. இடைவெளி குறுகிவிடும், விரலே மாட்டினாலும் சிராய்ப்போடு போய்விடும், வேலையைக்கூட நிறுத்த வேண்டாம். கூடவே படங்கள்: தண்டுகளின் குறுக்குவெட்டு, விரல் இழந்த கைகள்.

எழுதியவர் ஃபிரான்ஸ் காஃப்கா. 1883இல் பிறந்தவர், அப்போது இருபத்தாறு வயது. அலங்கார வார்த்தை ஒன்றுகூட இல்லாத உரைநடை. 'உருமாற்றம்' படித்தவர்களுக்கு அந்தக் குரல் உடனே பிடிபடும்.

காஃப்கா ஆபீசில் நசுங்கிப்போன ஒரு பாவப்பட்ட குமாஸ்தா என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். (இன்னொரு பக்கம், தொழிற்சாலை ஹெல்மெட்டைக் கண்டுபிடித்ததே காஃப்காதான் என்று ஒரு கதையும் சுற்றுகிறது. ஆதாரம் கிடையாது.) அவர் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1907இல் முதல் வேலை அசிகுராசியோனி ஜெனராலி என்ற இத்தாலிய இன்ஷூரன்ஸ் கம்பெனியில். காலை 8 மணிக்குப் போனால் மாலை 6 தாண்டும். எழுத நேரமே இல்லை. ஒன்பது மாதம் ஓட்டினார், உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

1908 ஜூலையில் விபத்துக் காப்பீட்டு நிறுவனம். பாதி அரசு வேலை மாதிரி. யூதர்களை எளிதில் எடுக்காத இடம். பள்ளித் தோழனின் அப்பா அங்கே தலைவர், அவருடைய சிபாரிசில்தான் உள்ளே போக முடிந்தது. அவர் தேடியது ஒன்றே ஒன்றுதான்: காலை 8 முதல் மதியம் 2 வரை, அதோடு ஆபீஸ் முடிந்தது.

இரண்டு மணி வேலையைத் தேடிப் போனவர் அதில் கெட்டிக்காரராகிவிட்டார். ஒரு தொழிற்சாலை எவ்வளவு ஆபத்தானதோ அதற்கேற்ற வகுப்பில் அதை வைப்பார்கள், முதலாளி கட்டும் தொகை அதைப் பொறுத்தது. எந்த முதலாளிதான் சும்மா இருப்பார்? என் ஆலையில் ஆபத்தே இல்லை என்று மேல்முறையீடு வரும். அதற்குச் சட்டப்படி பதில் எழுதுவது காஃப்காவின் வேலை. வட பொஹீமியாவின் ரைஷன்பெர்க், ஃபிரீட்லாண்ட் பக்கமெல்லாம் போய் ஆலைகளை நேரில் பார்த்தார். விபத்தில் கை கால் போன தொழிலாளர்கள் ஆபீசை அடித்து நொறுக்காமல், கும்பிட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்களே என்று அவர் வியந்ததை நண்பர் மாக்ஸ் பிராட் பதிவு செய்திருக்கிறார்.

1910இல் பிரமோஷன். அதற்கு நன்றி சொல்லப் போன இடத்தில், தலைவர் முன்னாலேயே காஃப்காவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்க அடக்க அதிகமாயிற்று. பின்னாளில் ஃபெலிஸ் பௌவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதை விலாவாரியாகச் சொல்கிறார். வேலை போகவில்லை. 1913இல் துணைச் செயலாளர், 1920இல் செயலாளர், 1922இல் மூத்த செயலாளர். முதல் உலகப்போரில் ராணுவம் கூப்பிட்டபோது, இவர் இல்லாமல் முடியாது என்று நிறுவனமே எழுதி நிறுத்திவைத்தது. போகிறேன் என்று அவரே கேட்டும் விடவில்லை. 1918க்குப் பிறகு நாடு செக்கோஸ்லோவாக்கியா ஆனது, ஆபீஸ் மொழி செக் ஆனது, ஜெர்மன் பேசிய அதிகாரிகள் பலர் வெளியே போனார்கள். காஃப்கா அதே ஆபீசில் இருந்தார்.

இன்று ஒருவர் லிங்க்ட்இன்னில் இதைப் போட்டால் வாழ்த்து குவியும். காஃப்கா இதில் எதையும் தன் கணக்கில் வரவு வைக்கவில்லை. கடிதங்களிலும் நாட்குறிப்பிலும் ஆபீஸ் என்றாலே புலம்பல்தான். மதியம் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், தூங்குவார், சாயங்காலம் நடக்கப் போவார், ராத்திரி பத்தரைக்கு மேல்தான் எழுத உட்கார்வார். 1912 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்தார். 'தீர்ப்பு' கதை ஒரே மூச்சில் முடிந்திருந்தது. இப்படித்தான் எழுத முடியும் என்று நாட்குறிப்பில் குதூகலிக்கிறார். அதே காலையில் மேலதிகாரிக்கு ஒரு சீட்டும் எழுதினார்: லேசான மயக்கம், கொஞ்சம் ஜுரம், கட்டாயம் வந்துவிடுகிறேன், மதியம் ஆகலாம். வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றியை அடைந்த நாளில் அவர் செய்த முதல் காரியம், ஆபீசுக்குப் பொய் லீவ் லெட்டர்!

அடுத்த மாதமே அந்த மதியங்களுக்கும் ஆபத்து வந்தது. 1911 கடைசியில் குடும்பம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலை தொடங்கியிருந்தது. காஃப்காவும் பங்குதாரர். மைத்துனர் ஊரில் இல்லாதபோது மதியம் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் நெருக்கினார்கள். ஜன்னலிலிருந்து குதித்துவிடலாமா என்று பிராடுக்கு எழுதினார். பயந்துபோன பிராட், காஃப்காவின் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாதென்று அவருக்குக் கடிதம் போட்டார். அம்மா ஒரு வழி செய்தார்: அப்பாவிடம் மகன் தொழிற்சாலைக்குப் போவதாகவே சொல்லிக்கொள்வது, அங்கே வேறு ஆளை வைப்பது. அவர் உயிரையே பணயம் வைக்கத் துணிந்தது இரண்டு மணிக்கு மேல் இருந்த நேரத்துக்காகத்தான்.

ஆனால் அந்த மெஷின் கட்டுரையைப் படித்தவர்களால் அவருடைய கணக்கை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. கடனே என்று வேலை பார்க்கிறவன் பலகை எப்படித் துள்ளும், எந்த நொடியில் கை உள்ளே போகும் என்று இவ்வளவு கூர்ந்து பார்க்க மாட்டான். 1914இல் எழுதிய 'தண்டனைக் குடியிருப்பில்' கதையில் ஒரு கொலை இயந்திரம் வருகிறது. அது எப்படி ஓடும் என்று அதிகாரி ஒவ்வொரு பாகமாக விளக்குகிறான். அந்தப் பொறுமையைக் காஃப்கா இந்த ஆபீஸில்தான் பழகினார் என்று நினைக்கிறேன். அவர் கேட்டால் மறுப்பார்.

1917 ஆகஸ்டில் ஒரு ராத்திரி வாயில் ரத்தம் வந்தது. காசநோய். பென்ஷன் கேட்டார், நிறுவனம் லீவ் கொடுத்தது. மறுபடி ஆபீஸ், மறுபடி லீவ். கடைசியில் 1922 ஜூலையில் விட்டார்கள். மூத்த செயலாளர் பதவி வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

1923 செப்டம்பரில் பெர்லின் போனார். முதல்முறையாகப் பிராக் இல்லை, அப்பா இல்லை, ஆபீஸ் இல்லை. கூட டோரா டயமன்ட் இருந்தார். ஜெர்மனியின் பணவீக்கம் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை, ரொட்டி விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. செக் கிரவுனில் வந்த பென்ஷன்தான் கை கொடுத்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு அதை வாங்க ஆபீஸ் அனுமதி வேண்டும். டைரக்டருக்கு மிகவும் மரியாதையாக, செக் மொழியில் ஒரு கடிதம் தயாரானது, தங்கை கணவர் மொழியைச் சரிபார்த்துக் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் 'வளை' கதையை எழுதிக்கொண்டிருந்தார். மண்ணுக்கடியில் ஒரு பிராணி, தன் வளையில் எங்கே ஓட்டை, எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து என்று ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்கிறது.