வடக்கன்குளம்: இல்லாத சுவரைப் பார்க்கப் போனது

பழைய கிராமத்துக் கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்ப்பார்கள், பீடத்தைப் பார்ப்பார்கள், கட்டிய வெள்ளைக்காரச் சாமியாரின் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். நெல்லைச் சீமையின் தெற்கே வடக்கன்குளத்துக்கு நான் போனது இல்லாத ஒன்றைப் பார்க்க. ஒரு சுவர். கூட வந்த நண்பர் சிரித்தார்: "சொவர எப்பவோ இடிச்சாச்சுல்லா. இன்னும் என்னத்தப் பாக்க வந்திய?"

19ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்குக் 'கால்சட்டைக் கோயில்' என்று பேர். ஒரே பீடம், அங்கிருந்து இரண்டு கால்களைப் போலப் பிரியும் கூடங்கள், நடுவே சுவர். ஒரு பக்கம் பிள்ளைமாரும் முதலியார்களும், மறுபக்கம் நாடார்களும் மற்றவர்களும். பூசை ஒன்றுதான், சாமியாரும் ஒருவர்தான். சனங்கள் பழைய வழக்கத்தை விடவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லித் திருச்சபை இங்கே தப்பிக்க முடியாது. சாதி மனசுக்குள் மட்டும் இருக்கவில்லை. கொத்தனார் நூல் பிடித்துக் கட்டிய வெளியாக இருந்தது.

1910இல் சுவரைத் திருச்சபைத் தரப்பே இடித்தது. பிள்ளைமாரும் முதலியார்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும், பீடத்துப் பணிகள் தங்களுக்கே உரியவை என அறிவிக்க வேண்டும் என்பது கோரிக்கை. சென்னை உயர்நீதிமன்றம் மறுத்தது. மறுத்த விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். கோரிக்கையின் வேர் தீட்டு என்று நீதிமன்றம் சரியாகவே கண்டுகொண்டது. ஆனால் தீட்டே அநியாயம் என்பதல்ல அது சொன்ன காரணம். கிறித்தவர்கள் தீட்டை உரிமையாகக் கோர முடியாது என்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன், 1908இல், கமுதி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் அங்குள்ள சிவன் கோயிலுக்குள் நுழைய நாடார்களுக்கு உரிமை இல்லை என்று தீர்த்திருந்தது. அதே பேரரசு, அதே தீட்டு. மதம் மாறியதும் தீர்ப்பும் மாறிவிட்டது. காலனியச் சட்டம் சாதியை மறுக்கவில்லை. 'இந்து' என்கிற அறைக்குள் அதை வைத்துப் பூட்டியது.

வடக்கன்குளத்தில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு வெற்றியாக வந்த இந்த வாதம் பின்னால் வேறு முகம் காட்டியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்கள் வெளியிலேயே நிற்கிறார்கள். கிறித்தவத்தில் சாதி இல்லையாம்! மேல்சாதிக்காரரின் சுவரை மறுத்த அதே தர்க்கம், தலித்தின் பட்டபாட்டையும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாததாக்கிவிடுகிறது.

ஆனால் ஊரில் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. 2008இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு சாவு. வடக்கன்குளத்தில் தனிமை கேட்டவர்கள் ஆதிக்கத்தைக் காப்பாற்றக் கேட்டார்கள். எறையூரில் கேட்டவர்கள் அதிலிருந்து விடுபடக் கேட்டார்கள். இரண்டும் பிரிவினைதானே என்று சமன் செய்வது வசதியான பொய்.

நண்பருக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம்: சுவரை இடித்தாச்சு, சரி. இரண்டு காலும் அப்படியே இருக்கின்றன. அது எதற்காக அந்த வடிவத்தில் கட்டப்பட்டது என்று கேட்கத்தான் வந்தேன். இனி எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும் கல்லறைத் தோட்டம் எங்கே, தேர் எந்தத் தெருவரைக்கும் போகும் என்று விசாரித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.