அக்வயர்: ஒரு சொல்லின் பாடபேதம்

ஜாவா நிரல், சி மொழிச் செயற்கூறு ஒன்றிடம் நினைவக முகவரியைக் கொடுத்துவிட்டது. அந்த அழைப்பு திரும்பும்வரை அந்த நினைவகம் விடுவிக்கப்படாமல் காப்பது யார் பொறுப்பு? இதன் வரலாற்றை ஹான்ஸ் போயமின் 2003ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து தொடங்குவதே முறை. அதிலிருந்து விலகுவதும் தவிர்க்க முடியாதது.

ஒரு பொருளின் மெத்தட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஃபைனலைசரும் ஓடிவிடலாம் என்று போயம் காட்டினார். முகவரி ஒரு லாங் எண்ணாகப் படித்தெடுக்கப்பட்டதும், கம்பைலரின் கணக்கில் பொருளின் வேலை முடிந்தது. கார்பேஜ் கலெக்டர் அதைக் கைப்பற்றும். ஃபைனலைசர் நினைவகத்தை விடுவிக்கும். சி நிரலோ இன்னும் அங்கேயே எழுதிக்கொண்டிருக்கும். 2017இல் ஜாவா 9 தந்த ரீச்சபிலிட்டிஃபென்ஸ் இதற்கான மருந்து: அந்த வரியை எட்டும்வரை பொருளைக் கைப்பற்ற விடாத வேலி. இதுவரை எனக்கு மறுப்பில்லை.

ஆனால் இந்த வாசிப்பில் ஆபத்து ஒரே வடிவில்தான் வருகிறது: பொருளைச் சுட்டுவார் எவருமின்றிப் போவது. இன்னொரு த்ரெட் அந்த நினைவகத்தைத் தெரிந்தே குளோஸ் செய்து விடுவித்தால்? அப்போதும் பொருளைச் சுட்டுவோர் இருக்கிறார்கள், நினைவகம்தான் இல்லை. காரைக்கால் கடைமடையில் இதை விளக்கவே தேவையில்லை. வயலில் ஆள் நிற்பதால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது. கீழே பாய்ச்சல் நடப்பது மேலே மதகை அடைப்பவருக்குத் தெரிய வேண்டும். போயம் வயலைப் பார்த்தார். நான் மதகைப் பார்க்கச் சொல்கிறேன். ஃபைனலைசரைப் பற்றி எழுதியவரிடம் குளோஸைப் பற்றிக் கேட்பது சற்று அநியாயம்தான். அவர் வாசிப்பையே முழு வரலாறாக நீட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

மதகின் வரலாறு பாடபேதங்களில் கிடக்கிறது. ஜாவா 17இல் (2021) நினைவகத்தின் ஆயுளை ஆளும் ரிசோர்ஸ்ஸ்கோப்பிடம் 'அக்வயர்' செய்து பிடிமானம் ஒன்றை வாங்கலாம். அதை 'ரிலீஸ்' செய்யும்வரை குளோஸ் பலிக்காது. 18இல் அது 'கீப்அலைவ்' ஆனது. 19, 20இல் 'வைல்அலைவ்'. 21இல் பொதுப் பயன்பாட்டிலிருந்தே மறைந்தது. ஆனால் அழியவில்லை. ஜாவாவைச் சி நிரலோடு இணைக்கும் லிங்கர், ஒவ்வொரு நேட்டிவ் அழைப்புக்கு முன்னும் 'அக்வயர்0', பின்னும் 'ரிலீஸ்0' என்று உள்ளுக்குள் எழுதிக்கொள்கிறது. மறதியால் நேர்ந்த நீக்கமல்ல இது. பிடிமானத்தைப் பயனரிடமிருந்து வாங்கி லிங்கர் கையில் கொடுத்த தீர்மானம் என்றே கொள்கிறேன்.

ஜாவா 21இல், த்ரெட்கள் பகிரும் நினைவகத்துக்கான ஷேர்டுசெஷன் கோப்பில் ஓர் இலக்கம் என்னை நிறுத்தியது. அங்கே நிலையைக் குறிக்கும் எண் 0 என்றால் திறந்திருக்கிறது, -1 மூடப்படுகிறது, -2 மூடியாயிற்று. 0க்கு மேற்பட்டது, பிடித்திருப்போர் எண்ணிக்கை. 0 ஆக இருந்தால்தான் குளோஸ் தொடங்கும். பிறகு எல்லா த்ரெட்களையும் ஹேண்ட்ஷேக் மூலம் சோதிக்கும். ஏதேனும் ஒன்று அதே நினைவகத்தில் கைவைத்திருந்தால், "பிடித்திருப்போர்: 1" என்ற பொருளில் பிழை எழும். எண்ணிக்கையோ 0! அந்த 1 எண்ணி வந்ததல்ல, கையால் எழுதி வைத்தது.

ஒற்றை இலக்கத்தின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா? ஏற்றலாம். வேறொரு பிழையை எழுப்ப இடமிருந்தும், பிடிமானத்தின் சொல்லையே எடுத்தாண்டிருக்கிறார்கள். ஜாவாவுக்குள் நடக்கும் சாதாரண வாசிப்பு, வேகத்துக்காகப் பிடிமானம் எடுப்பதில்லை. அதையும் பிடிமானக் கணக்கிலேயே வைத்து யோசித்தார்கள் என்பதற்கு இந்த 1 சான்று. 22இல் (2024 மார்ச்) அந்த வரி போய்விட்டது. குளோஸ் நிறைவேறும், குறுக்கே நிற்கும் த்ரெட்டுக்கே பிழை செல்லும். நேட்டிவ் அழைப்புக்கான எண்ணிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது.

என் வாதத்துக்கு இடைஞ்சலான சான்று ஒன்றும் உண்டு. குளோஸே இல்லாத, கார்பேஜ் கலெக்டரை நம்பியே நினைவகத்தை விடுவிக்கும் தானியங்கி அரீனாவுக்கான இம்ப்ளிசிட்செஷனில் 'அக்வயர்0' வெறுமையாகக் கிடக்கிறது. 'ரிலீஸ்0'க்குள் இருப்பது ஒரே வரி, ரீச்சபிலிட்டிஃபென்ஸ். பிடிமானத்தைத் திருப்பித்தர வேண்டிய இடத்தில் போயமின் வேலி நிற்கிறது. இரு மரபும் ஒரே பெயருக்குள் வந்த காலத்தை 21க்குப் பின்னால் தள்ளமாட்டேன். 17வரை முன்னே இழுக்கவும் தயக்கம்தான்.